கழுத்தளவு மட்டும் கூடியது

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூசம் முடிந்த மறுவாரம் இது தொடங்கியது. இடம், பாடாங் செராயில் என் வீட்டு முன்பக்கம். கார் நிறுத்துகிற இடத்தை அடைத்து இரண்டு தையல் மிஷின், ஓரம் அடிக்க ஓர் ஓவர்லாக் மிஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி போட்டிருக்கிறேன். அதுதான் என் கடை. இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், யார் உடம்பு போட்டிருக்கிறார், யார் இளைத்திருக்கிறார், யார் இளைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்து அளவு கொடுக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அப்போது தையலோடு இன்னொரு வியாபாரமும் செய்துகொண்டிருந்தேன். உடம்பு இளைக்கிற பவுடர். டப்பாவில் வரும். காலையில் பசியாறுவதற்குப் பதிலாக வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். சுங்கை பட்டாணியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு என் தோழி என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அங்கே மேடையில் ஒரு பெண்மணி தன் பழைய கால்சட்டையின் ஒரே காலுக்குள் இரண்டு கால்களையும் நுழைத்துக் காட்டினார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. என் கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் கண்ணாடியைப் பார்ப்பார்கள். இவர்களுக்கு விற்காமல் வேறு யாருக்கு விற்பது என்று அன்றைக்கே ஏஜெண்டாகச் சேர்ந்துவிட்டேன்.

ஓர் உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பவுடரை நானே மூன்று மாதம் குடித்தேன். ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. என் உடம்பு அப்படி. பக்கத்தில் யாராவது தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் அந்த வாசனைக்கே என் இடுப்பு அரை இன்ச் ஏறிவிடும். பவுடரில் குற்றமில்லை, என் வாயில்தான் குற்றம் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு விற்பனையைத் தொடர்ந்தேன்.

அந்த வாரம் வந்தவள் என் பழைய வாடிக்கைக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். லூனாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள். கணவர் லாரி ஓட்டுகிறார். என்னை அக்கா என்பாள், நானும் அவளைக் கூடப் பிறந்தவள் போலத்தான் நினைப்பேன். நல்ல பருமனான பெண். மே மாதக் கடைசியில் அவள் தங்கைக்குக் கல்யாணம். அம்மா இல்லாத வீடு என்பதால் மேடையில் எல்லாச் சடங்குக்கும் இவள்தான் முன்னால் நிற்க வேண்டும்.

“எந்த போட்டோவ பார்த்தாலும் நான் மட்டும் தூண் மாதிரி நிக்கிறேன்க்கா. கல்யாணத்துக்குள்ள கொஞ்சமாச்சும் குருஸ் ஆவணும் லா” என்றாள். குருஸ் என்றால் மலாயில் ஒல்லி. எங்கள் பக்கம் அந்தச் சொல்லைச் சொல்லாத பெண் கிடையாது.

பட்டுச் சேலைக்குக் கழுத்தை மூடிய காலர் ரவிக்கை வேண்டும் என்றாள். சாதாரண ரவிக்கைக்கு நாங்கள் கழுத்து இறக்கத்தைத்தான் அளப்போம், கழுத்தைச் சுற்றி அளக்க மாட்டோம். காலர் வைப்பதால் அன்றைக்குக் கழுத்துச் சுற்றையும் எடுத்தேன். பதிமூன்றரை இன்ச். மார்பு, இடுப்பு, கைச்சுற்று எல்லாவற்றோடும் அதையும் என் அளவுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். போகும்போது கையில் ஒரு டப்பா பவுடரையும் கொடுத்தனுப்பினேன்.

நான்கு வாரத்தில் வந்து நின்றாள் பாருங்கள், எனக்கே நம்ப முடியவில்லை. இடுப்பில் இரண்டு இன்ச் குறைந்திருந்தது. அடுத்த மாதம் இன்னும் இரண்டு. கைச்சுற்று தொளதொளவென்று ஆகிவிட்டது. முகம் வற்றிக் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. ‘முகம் இளைச்சதும் கண்ணு எவ்வளவு எடுப்பா இருக்கு பாரு’ என்று கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டியதே நான்தான்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அவள் பட்டினி கிடக்கவில்லை. பவுடரையும் குடித்துவிட்டு, மாமாக் என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டு, வேலைக்குப் போய்ப் பத்து மணிக்கு மீ கோரேங் நூடுல்ஸ், மதியம் இரண்டு தட்டுச் சோறு என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். பசி தாங்கவில்லை என்றாள். அப்படிச் சாப்பிட்டும் இளைக்கிறதே என்று எனக்கும் ஒரு சின்ன உறுத்தல் வந்தது. பவுடர் விற்பனையில் எனக்கு மேலே இருந்த லீடருக்கு போன் போட்டுக் கேட்டேன். ‘மெட்டபாலிசம் முழிச்சுக்கிச்சு’ என்றார். அந்தச் சொல்லுக்கு அவருக்கும் அர்த்தம் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கேட்க நன்றாக இருந்தது, அதனால் நானும் நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

அவளுடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கண்ணாடிக்கு மேலே மாட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். கோலா கெத்திலில் இருந்தெல்லாம் ஆள் வந்து டப்பா கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் என்னையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். தொழிற்சாலையில் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்கள்கூட நின்று விசாரிக்கிறார்களாம். கோயிலில் ஒரு பெரியம்மா கண்ணுபட்டுவிடும் என்று விபூதி பூசிவிட்டாராம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் முகம் பூத்துப் போகும். ஆனால் பேச்சு முன்னைவிட வேகமாக இருந்தது. ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். ஃபேனுக்கு நேரே நின்றும் கழுத்தில் வியர்வை வழியும். பிள்ளைகள்மேல் எரிந்து விழுவதாகவும் இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள்.

மார்ச் மாதக் கடைசியில் ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தாள். இளைத்துவிட்டாள் என்று உடம்பைப் பிடித்து, கையைப் பிடித்துத் தைத்திருந்தேன். உடம்பு அச்சாகப் பொருந்தியது. காலர் கொக்கி மட்டும் மாட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், எட்டவில்லை. நாடாவை எடுத்து மறுபடி அளந்தேன். பதினாலேகால்.

எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயேதான். ஜனவரியில் நாடாவை இறுக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, இருபது வருடம் தைத்தும் கை இப்படித் தப்புகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே பழைய அளவுக்குக் கீழே புதிய அளவை எழுதி, காலரைப் பிரித்துப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். உடம்பில் எல்லா இடமும் வற்றுகிறது, கழுத்து மட்டும் ஏறுகிறது. சின்னப் பிள்ளைக்கும் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு அவள் கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, சும்மா உக்காந்திருந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. கை வேற நடுங்குது. ஸ்க்ரூவ பிடிக்க முடியலன்னு சூப்பர்வைசர் ஏசுறாரு. கிளினிக் போய்ப் பார்க்கட்டா?”

நான் என்ன சொன்னேன் என்று எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். “அது ஒன்னுமில்ல லா. கொழுப்பு கரையுறப்ப அப்படித்தான் இருக்கும். பவுடர் ஒனக்கு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றேன். இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை, கூட்டத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். வியர்த்தால் கரைகிறது, படபடத்தால் கரைகிறது, வயிறு போனால் கழிவு வெளியேறுகிறது. எது வந்தாலும் பவுடருக்குத்தான் பெருமை. அவளும் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள். கிளினிக் போகவில்லை.

கல்யாணம் கூலிமில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காலை முகூர்த்தம். பெண்ணுக்கு நான்தான் சேலை கட்டிவிட்டேன், அதனால் விடியும்போதே அங்கே இருந்தேன். அவள் அந்தக் காலர் ரவிக்கையில் வந்தாள். மறுபடியும் கொக்கி இறுக்கம். திறந்து விடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் படம் நன்றாக வராது என்றாள். ஏர்கண்டிஷன் ஓடுகிற மண்டபத்தில் அவள் முதுகு மட்டும் நனைந்திருந்தது.

மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்தாயிற்று. தாலித் தட்டை எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள். மொத்தம் ஐந்து படி இருக்கும். மூன்றாவது படியில் அவள் கால் மடங்கிற்று. தட்டைப் பக்கத்தில் நின்றவர் பிடித்துக்கொண்டார். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமில்லை, கண் திறந்துதான் இருந்தது. எழுந்திருக்கப் பார்க்கிறாள், தொடையில் பலமில்லை. “எந்திரிக்க முடியலக்கா” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் கணவரும் நானும் தாங்கிப் பிடித்துப் பெண் அறைக்குக் கொண்டுபோனோம். காற்று வரட்டும் என்று காலர் கொக்கிகளை நானே கழற்றினேன். கழுத்தைச் சுற்றி வரிவரியாகச் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். அவள் விழுங்கியபோது தொண்டைக்குக் கீழே வீங்கியிருந்த ஒன்று மேலே ஏறி இறங்கியதைப் பார்த்தேன். ஒரு முழம் தூரத்தில் நின்று பார்த்தேன்.

மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் ஓர் அம்மாள், பணி ஓய்வு பெற்ற மிஸ்ஸி, யாரோ சொல்லி உள்ளே வந்தார். தாதிகளை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணை உற்றுப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார், விரல்கள் தானாக ஆடின. பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஓடி வந்தவங்களுக்கு அடிக்கிற அடி இது. அதுவும் சீரா அடிக்கல. கழுத்து எத்தன நாளா இப்படி இருக்கு?”

அவள் கணவர் விழித்தார். அவளுக்கும் தெரியவில்லை. என் வாய் தானாகச் சொல்லிற்று. “ஜனவரியில பதிமூன்றரை. மார்ச்சுல பதினாலேகால்.”

மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தார். “ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் தையக்காரி.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

அவர் அதற்கு மேல் என்னோடு பேச்சை வளர்க்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அவள் கெஞ்சினாள். தாலி கட்டும்வரை, பத்தே நிமிடம், உட்கார்ந்தே பார்க்கிறேன் என்றாள். மிஸ்ஸி முடியாது என்றுவிட்டார். காரில் அவளைப் படுக்கவைத்துத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கார் மண்டப வாசலைத் தாண்டும்போது கெட்டிமேளம் கேட்டது. அவள் சத்தம் போடாமல் அழுதாள். தாய்க்குத் தாயாக நின்று வளர்த்த தங்கைக்குத் தாலி ஏறுகிறது, இவள் காரில் போகிறாள். அந்த இரண்டு நிமிடத்தை என்னால் இன்றுவரை சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண். சின்ன வயது, ஆனால் கேள்விகள் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி இருந்தன. ஏதாவது மருந்து, மூலிகை, இளைக்கிற சாமான் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அவள் கணவர் என்னைப் பார்த்தார். நான் பவுடரைச் சொன்னேன். டப்பாவைக் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். சிலவற்றில் இதயத்தை ஓடவைக்கிற மருந்தைச் சொல்லாமல் கலந்து விற்கிறார்கள், அதைப் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணை விஷம் கொடுத்துக் கொன்றுவிட்டேனோ, அவள் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரே எண்ணம். அவள் கணவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரி நடையில் என்னைக் கண்டால் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவார்.

முடிவு வந்தது. பவுடர் காரணமில்லை. தைராய்டு.

டாக்டர் எங்களை உட்காரவைத்து மலாயில் பொறுமையாக விளக்கினார். நாம் சும்மா படுத்திருந்தாலும் உடம்பு வேலை செய்துகொண்டே இருக்கிறது. நெஞ்சு துடிக்க, மூச்சு விட, உடம்பு சூடாக இருக்க, சாப்பிட்டதை எரித்துத்தான் சக்தி எடுக்கிறது. எவ்வளவு வேகமாக எரிக்கலாம் என்று சொல்லுகிற வேலையைக் கழுத்தில் உள்ள இந்தச் சுரப்பி செய்கிறது. இவருக்கு அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதனால் தூங்கும்போதுகூட உடம்பு ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிற மாதிரி எரித்துத் தள்ளுகிறது. எவ்வளவு சாப்பிட்டாலும் பற்றாது. சேர்த்து வைத்த கொழுப்பையும் எரிக்கும், அதோடு நிற்காது, சதையையும் எடுத்து எரிக்கும்.

என் மோட்டார் மிஷினில் ஒருமுறை பெடல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. துணியே இல்லாமல் ஊசி தடதடவென்று ஓடி, மோட்டார் சூடாகிப் புகை நாற்றம் வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். டாக்டர் சொன்னது எனக்கு அப்படித்தான் விளங்கியது. அவள் இடுப்பும் கைச்சுற்றும் குறைந்ததற்கு நான் கைதட்டினேனே, அதில் எத்தனை சதையோ. அதனால்தான் ஐந்து படி ஏறத் தொடையில் பலமில்லாமல் போயிருக்கிறது.

பவுடரைப் பற்றி டாக்டர் சொன்னது ஒரே வரி. “உள்ளே என்ன இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாத ஒன்றை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்” என்றார். பிறகு என் அளவுப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டார். அவள் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். எந்தத் தேதியில் எவ்வளவு என்று பார்த்துத் தன் தாளில் குறித்துக்கொண்டார். நோய் எப்போது தொடங்கியிருக்கும் என்பதற்கு உதவும் என்று நன்றி வேறு சொன்னார். அந்த நன்றி எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. நான் கொல்லவில்லை. அப்புறம்தான் வெட்கம் வந்தது. பவுடர் அவளை இளைக்கவும் வைக்கவில்லை, நோயாளி ஆக்கவும் இல்லை. மேடையில் நான் வாங்கிய கைதட்டல் முழுவதும் ஒரு நோய்க்கு விழுந்த கைதட்டல். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்கக் கிளம்பியவளை வாசலில் தடுத்து அனுப்பினேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சு அடங்கியது, கை நடுக்கம் நின்றது, நன்றாகத் தூங்கினாள். கண்ணாடிக்கு மேலிருந்த படத்தைக் கழற்றினேன். பவுடர் விற்பதையும் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டேன். யாராவது கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சமாளித்தேன். உள்ளதைச் சொல்லத் தைரியமில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது புது ரவிக்கைத் துணியோடு வந்தாள். இடையில் ஒருமுறை பார்த்தபோது பழைய உடம்பு பாதி திரும்பியிருந்தது. இப்போது பார்த்தால் மறுபடி கன்னம் ஒட்டியிருக்கிறது. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கிய கையில் விரல்கள் ஆடின.

நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராகக் கேட்டேன். “மாத்திரை சாப்பிடுறியா இல்லையா?”

தலையைக் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை. கடைசியில் வெடித்தாள்.

“மாத்திரை போட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா சாப்பிடுறதெல்லாம் ஒட்டுது. கம்பெனியில ‘என்ன, டயட்ட விட்டுட்டியா, பழையபடி குண்டா கெமோக் ஆயிட்ட’ன்னு கேக்குறாங்க. இளைச்சிருந்தப்பத்தான் எல்லார் கண்ணுக்கும் நான் தெரிஞ்சேன். அந்தப் படத்த எல்லாருக்கும் அனுப்புனது நீங்கதானே? இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பழைய உடம்போட நடக்குறது?”

யாருக்கும் தெரியாமல் ஆறு வாரமாக மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தாள். உடம்பு எரிந்துபோனாலும் பரவாயில்லை, அந்தப் படத்தில் இருப்பவளாக இருக்க வேண்டும் என்று. நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், நானும் கூட இருந்து கேட்டேன். அது தெரிந்தும் நிறுத்தியிருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். “தப்பு என்மேலதான். ஒனக்கு நோய் வந்தது பவுடரால இல்ல. ஆனா அந்த நோய அழகுன்னு ஊர் முழுக்கச் சொன்னது நான்தான். அதை நானே வாயால மாத்திச் சொல்றேன். ஒன் நோயப் பத்திச் சொல்லலாமா?” என்று கேட்டேன். சரி என்றாள்.

அவள் பக்கத்தில் இருக்கும்போதே போனில் பேசிப் பதிவு செய்து, படம் போட்ட எல்லாக் குரூப்புக்கும் அனுப்பினேன். நீங்கள் பார்த்தது பவுடரின் வேலை இல்லை, தைராய்டு நோய். நெஞ்சு படபடக்கிறது என்று அந்தப் பெண் சொன்னபோது கொழுப்பு கரைகிறது என்று சொல்லி டாக்டரிடம் போகவிடாமல் செய்தது நான். மருந்து சாப்பிட்டு அவள் உடம்பு தேறினால் அது குணமாவதன் அடையாளம். யாரும் கிண்டல் செய்ய வேண்டாம். இவ்வளவுதான் சொன்னேன். மூன்று முறை குரல் உடைந்து மறுபடி மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த அர்ச்சனையைச் சொல்லி மாளாது. லீடர் போன் போட்டுக் காது கிழியக் கத்தினார். டப்பா வாங்கிய சிலர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு பேர் மட்டும் தங்களுக்கும் படபடப்பு இருப்பதாகச் சொல்லிக் கிளினிக் போனார்கள். ஒருத்திக்கு ஒன்றுமில்லை, இன்னொருத்திக்கு ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்களாம்.

பதிவை அனுப்பிய மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நன்றாக ஏசினார். இருவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். பசி பழைய அளவுக்கு இறங்குவதற்குள் உடம்பின் எரிப்பு இறங்கிவிடுகிறது, அதனால்தான் எடை ஏறுகிறது, ஏறுவதில் ஒரு பங்கு உடம்பு இழந்த சதை திரும்புவது என்று விளக்கினார். சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்ல ஓர் அம்மாளிடம் அனுப்பினார். அவள் மறுபடி மாத்திரைக்கு வந்தாள். இந்த முறை அவள் கணவரே தினமும் எடுத்துக் கொடுக்கிறார். என்னோடும் பேச ஆரம்பித்துவிட்டார், அளந்து அளந்துதான்.

அவள் இன்னும் முழுதாகத் தேறிவிடவில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போகிறாள். சில மாதம் ஏறும், சில மாதம் இறங்கும். ‘இது எத்தன வருஷம்க்கா?’ என்று அலுத்துக்கொள்வாள். எனக்குத் தெரியாததை இப்போதெல்லாம் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். அவள் ரவிக்கைக்கு மட்டும் உள்ளே கூடுதலாகத் துணி விட்டுத் தைக்கிறேன், பிரிக்கவும் பிடிக்கவும் வசதியாக இருக்கும்.

கடைக்கு இளைத்து வருகிறவர்களைப் பார்த்தால் இப்போது நான் பாராட்டுவதில்லை. “நல்லாத் தூங்குறீங்களா? படியேறுனா மூச்சு வாங்குதா?” என்று கேட்கிறேன். காலையில் நடந்து, வாயைக் கட்டி, கஷ்டப்பட்டு இளைத்த ஓர் அக்காவுக்கு இதனால் என்மேல் பெரிய வருத்தம். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. அன்றைக்கு வாசலில் நின்றவள் தன் நெஞ்சு அடித்துச் சொன்னதைவிட என் வாய் சொன்னதைத்தான் நம்பினாள், அந்த நம்பிக்கைக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.